உள்பக்க ஆணி

பன்றி தாண்டாது, தோண்டும். இந்த ஒரு விஷயத்தை மூன்று ஆண்களின் மண்டையில் ஏற்றுவதற்குள் பஞ்சாலைக்கு ஒரு வாரம் போய்விட்டது. ஏற்றி முடித்தபோது, ஏன்தான் ஏற்றினோமோ என்று அவளுக்கே ஆகிவிட்டது.

லாபுவிலிருந்து செம்மண் சடக்கில் மூன்று மைல் உள்ளே போனால் புக்கிட் செராய் ரப்பர் தோட்டம். மலாயாவில் அவசரகாலம் வந்து நாலாவது வருஷம். காட்டுக்குள் துப்பாக்கியோடு திரிந்தவர்களுக்குத் தோட்டத்து ஜனங்கள் அரிசி பருப்பு கொடுத்துவிடக் கூடாது என்று, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த லயத்து வீடுகளைப் பெயர்த்து ஒரே மேட்டில் கொண்டுவந்து நட்டு, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டுவிட்டார்கள். காலை ஆறு மணிக்கு வாசல் திறக்கும், மாலை ஆறு மணிக்குச் சாத்தும். பால்மரம் வெட்டப் போகிறவர்களின் வாளிக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்த பிறகுதான் வெளியே விடுவார்கள். ஒரு உருண்டை சோறு அகப்பட்டாலும் அன்றைக்கு அவர்கள் கதி அதோகதிதான்.

திங்கட்கிழமை காலைப் பெரட்டில், பேர் கூப்பிட்டு முடித்ததும் ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி திருநாவுக்கரசு தொண்டையைச் செருமினார்.

“ஆறாம் லயத்துக்குப் பின்னால வேலிக்கடியில ஒரு ஓட்ட. ஒரு ஆளு படுத்து நுழையலாம். போலீஸ் தொரை நேத்து பாத்துட்டாரு. யாரு தோண்டுனது?”

ஆளாளுக்குப் பக்கத்தில் நின்றவர் முகத்தைப் பார்த்தார்கள். அதற்குக் காரணம் இருந்தது. கீழ்க்கம்பியைக் காலால் மிதித்தோ தடியால் தூக்கியோ, ஆறு மணிக்கு மேல் வாய்க்காலோரம் போய்க் கங்கோங் கீரை அறுத்து வராத வீடு அந்த லயங்களில் எது? நம் வீட்டு ஆளோ என்ற பயம் எல்லோருக்கும்.

“என் பன்னிதான் கிராணியய்யா,” என்றாள் பஞ்சாலை.

பெரட்டுக் களமே சிரித்தது. கிராணி சிரிக்கவில்லை.

“பன்னி தோண்டுனதா, இல்ல பன்னி பேரச் சொல்லி யாராச்சும் தோண்டுனதான்னு தொரை கேக்குறாரு.”

“தொரையவே வந்து பன்னியக் கேக்கச் சொல்லுங்கய்யா. நான் சொன்னா நம்பவா போறாரு?”

“வாயி, வாயி! இந்த வாயிக்கே ஒனக்குத் தனியா ஒரு வேலி போடணும்.” கிராணி கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துப் படித்தார். “சனிக்கிழமை பத்து மணிக்குப் போலீஸ் தொரையும் பெரிய தொரையும் வருவாங்க. அதுக்குள்ள நாலு பன்னியும் ஒரு பட்டிக்குள்ள இருக்கணும். அதுங்க அந்தப் பட்டிய விட்டு வெளிய வராதுன்னு தொரை கண்ணால பாக்கணும். இல்லேன்னா அங்கேயே சுட்டு, சுண்ணாம்பு போட்டுப் பொதச்சிருவாங்க.”

“வித்துடறேனே? தம்பின் ஊர்ச் சீனன் வந்து ஓட்டிட்டுப் போவான்.”

“கேட்டத் தாண்டி இறைச்சி போவணும்னா பெர்மிட் வேணும். உசுரோட போனாலும் அது இறைச்சிதான். சிரம்பானுக்கு எழுதிப் போட்டு வர ரெண்டு வாரம்.”

“ரெண்டு வாரத்துல அது குட்டியே போட்டுரும்லா!”

“அப்ப பட்டி கட்டு,” என்று கிராணி புத்தகத்தை மூடினார்.

தாய்ப்பன்றிக்குப் பொம்மி என்று பேர். அதற்கு முன் ஈற்றில் பிறந்து வளர்ந்து நிற்கிற மூன்று குட்டிகள். இப்போது மறுபடி நிறை சினை. பொம்மி பஞ்சாலைக்கு வந்த கதையும் வேலிக் கதைதான். தோட்டத்துக்கு வெளியே மரவள்ளி போட்டுக்கொண்டிருந்த ஆ லான் என்ற சீனப் பெண்ணை ஒரு விடியற்காலையில் குடும்பத்தோடு லாரியில் ஏற்றி, வேலி போட்ட புதுக்கிராமத்துக்குக் கொண்டுபோனார்கள். ஏறுவதற்கு அரை மணி நேரம் கொடுத்தார்கள். அந்த அரை மணியில் அவள் ஒரு பெண்குட்டியைச் சாக்கில் போட்டு, பால்வாளியோடு போய்க்கொண்டிருந்த பஞ்சாலையின் கையில் திணித்துவிட்டுப் போனாள். காசு வாங்கக்கூட நேரமில்லை.

பஞ்சாலை யோசித்துப் பார்த்திருக்கிறாள். இருக்கிற வீடு கம்பனி வீடு. வெட்டுகிற மரம் கம்பனி மரம். வாளி, கோப்பை, தலைக்குமேல் தகரம் எல்லாம் கம்பனியுடையது. தின்கிற அரிசியைப் போலீஸ் அளந்து கொடுக்கிறது. புருஷன் முருகையாகூடக் கம்பனிக்கு வேலி போடும் கூட்டத்து ஆள். சங்கு ஊதினால் அவனும் கம்பனிக்குத்தான். இந்த உலகத்தில் ‘இது என்னுது’ என்று அவள் கைநீட்டிச் சொல்லக்கூடியது அந்தக் கறுப்பு மூக்குதான். அதைச் சுட்டு, சுண்ணாம்பு போட்டுப் புதைப்பார்களாம்.

பட்டி கட்ட இடம் தேடுவதே பெரும்பாடாகிவிட்டது. மேட்டின் மூன்று மூலைகளில் காவல் கொட்டகை. அங்கே மலாய்க்கார ஸ்பெஷல் போலீஸ் பிள்ளைகள் தொழுவார்கள், சாப்பிடுவார்கள். அவர்கள் பக்கத்தில் பன்றியைக் கொண்டுபோய்க் கட்டக் கூடாதென்று பஞ்சாலைக்கே தெரியும். மிஞ்சியது ஆறாம் லயத்துக்குப் பின்னாலிருந்த நாலாவது மூலை, வேலியை ஒட்டி. இதுவரை கயிற்றில்தான் கட்டிப்போட்டுப் பார்த்தாள். ஆனால் பன்றிக்குத் தலையும் கழுத்தும் ஒரே பருமன். இழுத்த இழுப்பில் கயிறு தலைவழியே கழன்றுவிடும். பொம்மி கழற்றிக்கொண்டு போய் மூக்கை மண்ணில் வைத்ததன் பலன்தான் அந்த ஓட்டை.

“நீ ஒண்ணும் கவலப்படாத புள்ள,” என்றான் முருகையா, அன்று சாயங்காலம் கோப்பிக் குவளையைக் கீழே வைத்துவிட்டு. “வேலிதான? ரெண்டு வருஷமா வேற என்னத்தப் பண்றோம்?”

அவனும் இராஜமாணிக்கமும் தங்கராஜும்தான் வேலிக் கூட்டம். தோட்டத்தைச் சுற்றியிருந்த அத்தனை கம்பியும் அவர்கள் கைபட்டதுதான். முள் கிழிக்காத இடம் அவர்கள் முழங்கையில் இல்லை. அந்தத் தழும்புகளை மூவரும் பட்டாளத்து மெடல்போல் காட்டிக்கொண்டு திரிவார்கள்.

“கட்டறதுன்னா ஆ லான் கட்டியிருந்த மாதிரி கட்டுங்க,” என்றாள் பஞ்சாலை. “நான் தெனமும் வெட்டுக்குப் போவயில பாத்துருக்கேன். அடியில கட்டை பொதச்சு…”

“தங்கச்சி,” என்று இராஜமாணிக்கம் கையை உயர்த்தினார். அந்தக் கூட்டத்தில் அவர் மூத்தவர். சுத்தியல் அவர் பொறுப்பு. “கவர்மெண்டு பிளான்லயே வேலி போட்டவங்க நாங்க. வெள்ளக்காரன் வந்து டேப்பு புடிச்சுப் பாத்துட்டு ‘குட்’டுன்னுட்டுப் போனான். ஒரு பன்னிக்கு எங்களால போட முடியாதா?”

“அண்ணிக்கு நம்ம மேல நம்பிக்க இல்ல லா,” என்றான் தங்கராஜு.

“நம்பிக்க எல்லாம் இருக்கு. பன்னிக்குத்தான் இல்ல.”

அவர்கள் சிரித்தார்கள். அவள் என்ன சொன்னாலும் சிரித்தார்கள். அதுதான் எரிச்சல்.

கம்பிக்கு என்ன செய்வது என்று வந்தபோது, “நீயே போயி கிராணியக் கேளு, பொம்பள கேட்டா எரங்குவாரு,” என்று அவளைத் தள்ளிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை பால் நிறுத்துக் கொடுத்த கையோடு அவள் ஆபீஸ் வாசலில் போய் நின்றாள். ஸ்டோர் கதவு திறந்திருந்தது. உள்ளே முள்கம்பிச் சுருள்கள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன.

“முடியாது,” என்றார் கிராணி, தலையைத் தூக்காமல். “அது மனுசனுக்கு வந்த கம்பி. பன்னிக்குக் குடுக்க முடியாது.”

“என்னய்யா இது அநியாயம்! எங்களச் சுத்தி எத்தன மைலுக்குக் கம்பி கட்டியிருக்கீங்க, எனக்கு நாலு பாகம் குடுக்கக் கூடாதா?”

“அது ஒங்க பாதுகாப்புக்கு.”

“இதுவும் பன்னி பாதுகாப்புக்குத்தான். சனிக்கெழம சுடப்போறது யாரு, கம்யூனிஸ்டா?”

கிராணி இப்போது தலையைத் தூக்கினார். “பஞ்சாலை, இந்த வார்த்தைய எங்கிட்ட சொல்லிட்ட, போவட்டும். வாசல்ல நிக்கிறவன் காதுல விழுந்தா ஒன்னையும் லாரியில ஏத்திருவான். ஒரு மனு எழுதிக் குடு. பெரிய தொரைக்கு அனுப்பறேன்.”

“எனக்கு எழுதத் தெரியாதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா?”

“அப்ப யாரையாச்சும் எழுதச் சொல்லு.”

“இந்தத் தோட்டத்துல எழுதறவரு நீங்க ஒருத்தருதான்யா!”

“அதான் சொல்றேன்,” என்றார் கிராணி சாவதானமாக. “நானே எழுதி, நானே வாங்கி, நானே மேல அனுப்பணும். மூணு நாளாவது ஆவாதா?”

பஞ்சாலை திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாள். கடைசியில் வேலிக் கூட்டத்தார் பழைய வேலையில் வெட்டிப் போட்ட துருக்கம்பித் துண்டுகளை வாய்க்காலோரத்திலிருந்து பொறுக்கி, முறுக்கி முறுக்கி ஒட்டுப் போட்டார்கள்.

செவ்வாயும் புதனும் மத்தியானத்துக்கு மேல் வேலை நடந்தது. வேலை என்றால் சாதாரண வேலையா? தங்கராஜு நூல் பிடித்தான். இராஜமாணிக்கம் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு கம்பத்தையும் பார்த்து, “கிரி ஒரு விரக்கடை,” “கானான் அரை விரக்கடை” என்று இடமும் வலமும் மலாயில் சொன்னார். பன்னிரண்டு கம்பம் நட்டார்கள். ஐந்து வரிசை கம்பி இழுத்தார்கள். ஒவ்வொரு கம்பத்தின் உச்சியிலும் ஒரு துண்டு மரத்தை வெளிப்பக்கம் சாய்த்து அடித்து, அதிலும் இரண்டு வரிசை முள்கம்பி ஓட்டினார்கள். தோட்டத்து வேலியில் எப்படி இருந்ததோ அச்சுப் பிசகாமல் அப்படியே.

இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பஞ்சாலை மேலே பார்த்தாள்.

“அது எதுக்குங்க?”

“எது?”

“அந்த மேல சாஞ்சிருக்கறது.”

“வெளியேர்ந்து ஏறி உள்ள குதிக்கக் கூடாதுல்ல,” என்றான் முருகையா.

“யாரு?”

முருகையா இராஜமாணிக்கத்தைப் பார்த்தான். இராஜமாணிக்கம் தங்கராஜுவைப் பார்த்தார்.

“யாரா இருந்தாலும்,” என்றான் தங்கராஜு.

“அடப்பாவிங்களா! பன்னிப் பட்டிக்குள்ள எவன்யா ஏறிக் குதிக்கப் போறான்? அது கெடக்கட்டும். கம்பிய ஏன் கம்பத்துக்கு வெளிப்பக்கம் வெச்சு அடிச்சிருக்கீங்க? அது உள்ளேர்ந்து முட்டுனா ஆணி புடுங்கிட்டு வராதா? உள்பக்கம் அடிச்சா, அது முட்ட முட்டக் கம்பத்தோட சேந்து இறுகும். கம்பம் தாங்கும். இப்ப ஆணிதான தாங்கணும்?”

“வேலின்னா கம்பி வெளிப்பக்கம்தான் தங்கச்சி,” என்றார் இராஜமாணிக்கம், ரொம்பப் பொறுமையோடு. “ரெண்டு வருஷமா அப்பிடித்தான் போடறோம். அதுதான் ரூல்.”

“எந்தப் பன்னி போட்ட ரூலு?”

“பஞ்சாலை!” முருகையாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “மூணு ஆம்பள சம்பளமில்லாம ரெண்டு நாளா நிக்கிறோம். ஒரு நல்ல வார்த்த வருதா ஒன் வாயில?”

அவள் போய் மூவருக்கும் கோப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். நல்ல வார்த்தை அவ்வளவுதான் கைவசம் இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணி. வாசல் சாத்த அரை மணி இருந்தது. வெட்டுக்காரர்களை மேய்க்கும் மண்டோர் வீட்டுப் பக்கமிருந்து ஒரு கூச்சல். பஞ்சாலை ஓடிப்போய்ப் பார்த்தபோது மண்டோரின் மரவள்ளிக் கொல்லை உழுது போட்ட வயல்போலக் கிடந்தது. நடுவில் பொம்மி, வாயில் ஒரு கிழங்கோடு, நிறை வயிறு தரையில் இழுபட, சாவகாசமாக நின்றுகொண்டிருந்தது. மூன்று குட்டிகளும் மூன்று லயங்களில். பிள்ளைகள் துரத்த, பெண்கள் துடைப்பத்தோடு துரத்த, ஒரு குட்டி முனியாண்டி கோயில் படியில் ஏறி இறங்கி வாசலைப் பார்த்து ஓட, காவலுக்கு நின்ற மலாய்ப் பிள்ளை துப்பாக்கியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினான். பஞ்சாலை அதன் பின்னங்காலைப் பிடித்து, பிடித்தபடியே சேற்றில் விழுந்து, விழுந்தபடியே “மன்னிச்சிருங்க தம்பி” என்றாள். ஆறு மணிச் சங்கு ஊதியபோது அவள் மடியில் குட்டி, தலையில் சேறு.

பட்டியைப் போய்ப் பார்த்தார்கள். மேலே சாய்ந்திருந்த இரண்டு வரிசைக் கம்பி ஜம்மென்று நின்றது. கீழே இரண்டு வரிசை, ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வெளியே தொங்கியது.

“கம்பி மட்டம்,” என்றார் இராஜமாணிக்கம்.

“ஆணி சின்னது,” என்றான் தங்கராஜு.

“பன்னி சரியில்ல,” என்றான் முருகையா. “வெளிப்பக்கமா இன்னும் ரெண்டு வரிச சேத்து ஓட்டிட்டா போதும்.”

பஞ்சாலை ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் வீட்டுக்கு நல்லதல்ல என்று முருகையாவுக்குத் தெரியும். ஆனால் எவ்வளவு நல்லதல்ல என்று அவனுக்கு மறுநாள்தான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை அவள் பெரட்டுக்குப் போகவில்லை. பேர் விழாது, ஒரு நாள் கூலி போச்சு, போகட்டும். அடுத்த வீட்டுத் தாயம்மாவுக்கு முதுகுவலி என்று சொல்லச் சொல்லி அவளையும் நிறுத்திக்கொண்டாள்.

“என்னடி பண்ணப் போற?” என்றாள் தாயம்மா.

“கட்டில ஒடைக்கப் போறேன்க்கா.”

“எந்தக் கட்டில?”

“எங்க வீட்டுல எத்தன கட்டிலு இருக்கு?”

அது முருகையா ஆசைப்பட்டு செங்கால் மரப் பலகையில் செய்து வாங்கிய கட்டில். அகலமான எட்டுப் பலகை. தாயம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். “அந்த மனுசன் எங்கடி படுப்பாரு?”

“தரையில. பன்னிக்கு வேலி தெரியாதவருக்குக் கட்டிலு எதுக்கு?”

இருவரும் விடிந்ததிலிருந்து மத்தியானம் வரை மண்ணோடு மல்லுக்கட்டினார்கள். கம்பங்களை ஒட்டி உள்பக்கம் ஓரடி ஆழத்துக்குச் சங்குல் மண்வெட்டியால் பள்ளம் வெட்டி, இரண்டு வீட்டு விறகுக் கட்டைகளையும் அதில் நீட்டுவாக்கில் போட்டு மண்ணைத் தள்ளி மிதித்தார்கள். அதற்கு மேலே கட்டில் பலகை. தீனி வைக்கிற இடத்தில் இரண்டு அடுக்கு, மற்ற இடத்தில் ஒன்று. பலகைக்கு மேலே பிடுங்கி வந்த அதே துருக்கம்பி. எல்லாம் கம்பத்துக்கு உள்பக்கம். சுத்தியலை இராஜமாணிக்கம் கொண்டு போய்விட்டதால் அம்மிக் குழவியால் ஆணி அடித்தார்கள். குழவி கையை விட்டு நழுவி தாயம்மாவின் கால் விரலில் விழுந்தபோது அவள் சொன்ன வார்த்தையில் பக்கத்து மரத்திலிருந்த காக்கை எழுந்து பறந்தது.

“இத அன்னைக்கே அவனுங்க செஞ்சிருக்கலாம்லா,” என்று மூச்சு வாங்கினாள் தாயம்மா.

“செஞ்சிருக்கலாம். கேட்டிருந்தா.”

கடைசியாக மேலே சாய்ந்திருந்த கம்பியைப் பஞ்சாலை பிடுங்கி எறிந்தாள். அதைப் பிடுங்கும்போது மட்டும் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

பொம்மி உள்ளே போனதும் நாலு மூலையிலும் முட்டிப் பார்த்தது. மூக்கை மண்ணில் நுழைத்தது, கட்டை இடித்தது. நகர்ந்து நுழைத்தது, அங்கேயும் கட்டை. பலகையில் தோளை வைத்துத் தள்ளியது. பலகை கம்பத்தோடு ஒட்டிக்கொண்டதே தவிர ஒரு நூல் அசையவில்லை. ஒரு மணி நேரம் முயன்றுவிட்டுப் படுத்துக்கொண்டது. அன்று இரவு முருகையாவும் படுத்துக்கொண்டான், சிமெண்டுத் தரையில்.

சனிக்கிழமை பத்து மணிக்கு வரவேண்டியவர்கள் பதினொன்றே காலுக்கு வந்தார்கள். முன்னால் போலீஸ் துரை, சிவந்த முகம், இடுப்பில் கைத்துப்பாக்கி. பின்னால் தோட்டத்துப் பெரிய துரை. அவருக்குப் பின்னால் கிராணி. லயத்து ஜனங்கள் முக்கால்வாசி வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள்.

போலீஸ் துரை பட்டியைச் சுற்றி வந்தார். எதையோ கேட்டார்.

“யாரு கட்டுனதுன்னு கேக்குறாரு,” என்றார் கிராணி.

“நாங்கதாங்கய்யா, வேலிக் கூட்டம்,” என்று முருகையா ஓரடி முன்னால் வந்தான். பஞ்சாலை அவனைத் திரும்பிப் பார்த்தாள். முதுகுவலியோடு எழுந்து வந்த மனுஷன், வெட்கமே இல்லாமல்!

துரை குனிந்து ஒரு ஆணியைத் தொட்டார். நெற்றியைச் சுருக்கினார். கிராணியிடம் இன்னொன்று சொன்னார்.

“ஆணி எல்லாம் தப்பான பக்கம் அடிச்சிருக்கேங்கறாரு. வெளிப்பக்கம்ல இருக்கணும்?”

“நான் அன்னைக்கே சொன்னேங்கய்யா!” என்றான் முருகையா சட்டென்று. “இவதான் கேக்கல. இவதான் எல்லாத்தையும் மாத்திட்டா.”

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பஞ்சாலைக்கு ஒரு வாரத்து ஆத்திரமும் ஒன்றாகத் திரண்டது. துரையின் துப்பாக்கி இருக்கிற இடம், பொம்மி படுத்திருக்கிற இடம் இரண்டும்தான் அவள் கண்ணில் பட்டன.

“ஆமா, நான்தான் கட்டுனேன்,” என்றாள். “தப்பான பக்கமா? இங்க பாக்கச் சொல்லுங்க.”

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பட்டிக்குள் ஏறிக் குதித்தாள். உள்ளே நின்று, முழங்காலாலும் தோளாலும் பலகையை முட்டினாள். மறுபடி முட்டினாள். அசையவில்லை.

“வேலின்னா, முட்டப் போறது யாருன்னு பாத்துல்ல ஆணி அடிக்கணும்? வெளிய இருக்கறவன் எவனும் இதுக்குள்ள வர ஆசப்படல. உள்ள இருக்கறதுக்குத்தான் வெளிய போவணும். அது உள்ளேர்ந்துதான் முட்டும், அடியிலதான் தோண்டும். அப்ப உள்பக்கம் ஆணி, அடியில கட்ட. இதுகூடத் தெரியாம மேல ஒசரத்துல கம்பியச் சாய்ச்சு வெச்சுக்கிட்டு இருந்தாங்க ரெண்டு நாளா. சொல்லுங்கய்யா, அப்பிடியே சொல்லுங்க.”

கிராணி தயங்கினார். பிறகு சொன்னார். எவ்வளவு சொன்னாரோ, போலீஸ் துரை கவனமாகக் கேட்டார். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து எதையோ எழுதினார். பட்டியின் பலகையை ஒரு தரம் பூட்ஸ் காலால் உதைத்துப் பார்த்து, ‘குட்’ என்றார்.

பஞ்சாலை செருகிய சேலையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

துரை திரும்பிப் போகவில்லை. பட்டியிலிருந்து பத்தடி தள்ளி இருந்த தோட்டத்து வேலியை நோக்கி நடந்தார். உள்பக்கமாக நின்று, கீழ்க்கம்பியில் பூட்ஸை வைத்து ஓங்கி ஒரு உதை விட்டார். ஆணி ஒன்று டிங்கென்று தெறித்து வெளியே புல்லில் விழுந்தது. கம்பி தொங்கியது. துரை குனிந்து அந்த இடைவெளியைக் கையால் அளந்தார். அங்கே புல் தேய்ந்து வழவழப்பாகக் கிடந்தது. அவர் அந்த வழவழப்பைப் பார்த்தார், பெரிய துரையைப் பார்த்தார், கடைசியில் பட்டிக்குள் நின்ற பஞ்சாலையைப் பார்த்தார். ஏதோ சொன்னார்.

கூட்டத்தில் இப்போது யாரும் சிரிக்கவில்லை.

“பன்னி இருக்கலாம்,” என்றார் கிராணி. ஆபீஸ் குரல். “திங்கக்கெழமயிலேர்ந்து தோட்டத்து வேலி முழுக்க இதே மாதிரி மாத்தணும். ஓரடி பள்ளம், கட்ட, பலக, உள்பக்கம் ஆணி. வேலிக் கூட்டத்துக்குப் பஞ்சாலை கூட இருந்து காட்டிக் குடுக்கணும். அவளுக்கு அந்த நாளுங்கள்ல வெட்டு இல்ல. ஆனா பேரு விழும்.” குரலைத் தாழ்த்திக்கொண்டு அவளிடம் மட்டும் சேர்த்துச் சொன்னார்: “நான் பாதிதாம்மா சொன்னேன். அதுவே அவருக்குப் போதுமாயிருந்துச்சு.”

அவர்கள் போன பிறகும் ஜனங்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவராக அவளைப் பார்த்துவிட்டுக் கலைந்தார்கள். தாயம்மாதான் கடைசியில் வாயைத் திறந்தாள்.

“கீரைக்கு எப்பிடிடி போவோம் இனிமே? ஒன் பன்னிக்குக் கங்கோங் எங்கேர்ந்து வரும்? நான் வேற கால ஒடச்சிக்கிட்டு ஒனக்குக் கட்ட பொதச்சேன் பாரு.”

“எனக்கு என்னக்கா தெரியும்? பன்னியச் சுடாம இருந்தாப் போதும்னு பேசுனேன்.”

“பேசுன பேசுன. எல்லாருக்கும் சேத்துப் பேசிட்ட.”

பஞ்சாலை பட்டியின் பலகைமேல் சாய்ந்துகொண்டு வெகுநேரம் நின்றாள். திட்டவும் ஆளில்லை. யாரைத் திட்டுவது? கட்டச் சொன்னார்கள், கட்டினாள். நன்றாகக் கட்டினாள். மூன்று ஆண்பிள்ளைகள் கட்டியதுபோல் கோணலாகக் கட்டித் தொலைத்திருந்தால் பன்றி போயிருக்கும். நேராகக் கட்டியதற்கு ஊரே உள்ளே போகப் போகிறது. இதென்ன கணக்கு என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பொம்மி ஒன்பது குட்டி போட்டது. ஒன்று பிறந்ததும் செத்துப்போனது, எட்டு நின்றது. லயத்தில் ஒருவரும் வந்து எட்டிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை பெரட்டு முடிந்ததும் மண்டோர் அவளைத் தனியாகப் பிரித்து வேலிப் பக்கம் அனுப்பினார். மாட்டுவண்டியில் பலகை வந்து இறங்கியது. கட்டைகள் வந்து இறங்கின. கிராணியே ஸ்டோரைத் திறந்து ஒரு பெட்டி புது ஆணி எடுத்துக் கொடுத்திருந்தார். மனுவும் கேட்கவில்லை, மூன்று நாளும் ஆகவில்லை. தங்கராஜு சங்குலோடு நின்றான், ஆனால் பகடி ஒன்றும் வரவில்லை. இராஜமாணிக்கம் சுத்தியலை முருகையாவின் கையில் கொடுத்தார். வேலிக்கு அப்பால், வாய்க்காலோரத்தில், கீரை பச்சைப்பசேலென்று கிடந்தது.

முருகையா ஒரு பலகையைத் தூக்கிக் கம்பத்தோடு வைத்துப் பிடித்தான். மூன்று இரவு தரையில் படுத்த முதுகு நிமிரவில்லை. ஆணியை விரல்களுக்கிடையில் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தான். கல்யாணமான பதினாலு வருஷத்தில் அவன் அவளிடம் ஒரு வேலையைப் பற்றி யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை.

“எந்தப் பக்கம் புள்ள அடிக்க? நீயே சொல்லு.”

பஞ்சாலை சடக்கைப் பார்த்தாள். போலீஸ் துரையின் ஜீப் இல்லை. மண்டோர் தூரத்தில் சுருட்டுப் பற்ற வைத்துக்கொண்டிருந்தார்.

“எங்கிட்ட ஏன் கேக்குறீங்க?” என்றாள். “ரெண்டு வருஷமா வேலி போடறவங்க. எப்பவும் போடற மாதிரியே போடுங்க.”

இராஜமாணிக்கம் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கம்பத்தைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தார். பிறகு முருகையா பலகையைத் தூக்கிக்கொண்டு, கம்பியின் இடைவெளி வழியே குனிந்து, வெளிப்பக்கம் போனான்.

“பள்ளம் எவ்வளவு ஆழம் அண்ணி?” என்றான் தங்கராஜு.

“ஒனக்குக் கை லேசா வலிக்கிற வரைக்கும்,” என்றாள் அவள். குட்டி போட்ட பன்றிக்குக் கஞ்சித் தண்ணி வைக்க நேரமாகிவிட்டது. அவள் வாளியை எடுத்துக்கொண்டு நடந்தாள்.